இரண்டாவது டிஸ்க்

லம்பாசா,
செப்டம்பர் 4

அடி சேற்று நண்டே,

பிரிஸ்பேனில் குளிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா, இல்லை முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிக்கொண்டு கேமரா முன்னால் போய் நிற்கிறாயா?

போன வாரம் நீ அனுப்பிய ஈமெயில் "அன்புள்ள உனைசிக்கு" என்று தொடங்கியிருந்தது. பதறிப்போய் உன் அம்மாவுக்குப் போன் செய்து, உனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். உன் ஊரும் என் ஊரும் தௌவு. ஒரே குலதெய்வத்தின் பிள்ளைகள். ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டலாம், வீடு புகுந்து பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம், கோபம் மட்டும் வரக் கூடாது. தௌவுக்காரிக்கு மரியாதை கொடுப்பது அவளைத் தலைமுழுகுவதற்குச் சமம் என்பது உனக்கு மறந்துவிட்டதா? இனி அப்படி எழுதித் தொலைக்காதே.

வீடியோ காலிலும் வராதே. பகலெல்லாம் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைமை அலுவலகம் உங்கள் கம்பெனியின் வீடியோ பாடங்களை ஃபிஜி முழுக்க உள்ள மருத்துவமனைகளின் கணினிப் பிரிவுகளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. என் பிரிவில் நானும் விலிகேசாவும்தான். அவன் மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், நல்லவன், சொன்ன வேலையைத் தட்டமாட்டான். அவன் காலை நீட்டிப்போட்டு, மரவள்ளி வறுவலைக் கொறித்துக்கொண்டு, உன் பாடங்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்து முடித்தான். முடிவில் நாலு கேள்வி வந்தது, டிக் அடித்தான், சான்றிதழ் வந்துவிட்டது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது.

செய்முறைக் கையேடு எங்கேயடி? சுவாவில் நாம் இருவரும் பாடம் நடத்திய காலத்தில், ஒவ்வொரு பாடத்துக்கும் நான் எழுதிய கையேடு இருந்தது. "இங்கே நிறுத்து. நீயே செய். இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பார். பிறகு சரிசெய்." கூடவே ஒரு பயிற்சி சர்வரும் இருந்தது. எத்தனை முறை உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத பொய் சர்வர். நீ பிரிஸ்பேனுக்குப் போனபோது என் மேசையிலிருந்து அத்தனையையும் கேட்காமல் அள்ளிக்கொண்டு போனாய். நான் வாயைத் திறக்கவில்லை. தௌவுக்காரி எடுத்தால் எடுத்ததுதான். ஆனால் எடுத்துக்கொண்டு போனதைக் குப்பையில் போட எந்த வழக்கமடி இடம் கொடுக்கிறது?

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். பேக்கப்பிலிருந்து பதிவுகளை மீட்கும் பாடத்துக்கு மட்டுமாவது கையேடும் பயிற்சி சர்வரும் அனுப்பு. நவம்பர் வந்தால் புயல் காலம். மின்சாரம் போய்ப் போய் வரும், ஒரு டிஸ்க்காவது சாகும். இந்த வருடம் அந்த நேரத்தில் அக்கா மகளின் கல்யாணத்துக்காக நான் எங்கள் குட்டித் தீவில் இருப்பேன். அங்கே போன் கிடையாது, கப்பலும் நினைத்தபோது வராது. விலிகேசா தனியாகத்தான் செய்ய வேண்டும். அவன் இதுவரை ஒரு டிஸ்க்கைக் கையால் தொட்டதில்லை.

உன் நாற்றம் இங்கே வரைக்கும் வீசுகிறது,
உனைசி


பிரிஸ்பேன்,
செப்டம்பர் 15

அடி காய்ந்த கருவாடே,

உன் கடிதத்தைப் பிரித்ததும் வீடே மீன் வாடை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எழுதுகிறேன். "அன்புள்ள" என்று போட்டது நான் இல்லை, எங்கள் அலுவலக மெயில் தானாகவே போட்டுக்கொள்கிறது. உனக்குப் போய் நான் அன்பு காட்டுவேனா?

கையேட்டை நான் குப்பையில் போடவில்லை, டாரல் போட்டான். கம்பெனியை வாங்கிய புது முதலாளி. வந்த முதல் கூட்டத்திலேயே சொன்னான்: "மக்களுக்குப் பாக்கத்தான் பிடிக்கும், செய்யப் பிடிக்காது. கையேடு குடுத்தா பாதியில ஓடிடறாங்க. வீடியோ மட்டும் குடு, கடைசி வரைக்கும் பாப்பாங்க." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையேடு இருந்த பாடங்களுக்குத்தான் "கஷ்டமாக இருக்கிறது" என்று புகார் குவிந்தது. இப்போது எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள்.

நீ எங்கள் ஸ்டூடியோவைப் பார்க்க வேண்டும். ஒரு பெண் வந்து என் மூக்கில் பவுடர் ஒற்றுகிறாள். அப்போதுதான் கழுவித் துடைத்தது போன்ற புத்தம்புதிய சர்வரில்தான் செய்து காட்டுகிறேன். அது யோசிக்கும் நேரம், நடுநடுவே கேட்கும் தொல்லைபிடித்த கேள்விகள், எல்லாவற்றையும் எடிட்டர் வெட்டிவிடுகிறார். மூன்று நிமிடத்தில் மீட்டு முடித்துவிடுகிறேன்! உங்கள் தீவு ஆடுகூடப் பார்த்துச் செய்துவிடும்.

பயிற்சி சர்வரை இப்போது வெளியே கொடுப்பதில்லை. கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை விலிகேசாவை அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்கச் சொல். தேவைப்பட்டால் ஒற்றை வேகத்தில்.

உன் மூஞ்சியில் முழிக்காத சந்தோஷத்தில்,
கெலெரா


லம்பாசா,
அக்டோபர் 2

அடி பவுடர் டப்பா,

கேட்டுப் பார்க்கிறேன் என்றாய். கேட்ட லட்சணம் தெரிந்துவிட்டது. நேற்று உங்கள் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு பரிசு வந்தது. கையேடு இல்லை, இன்னொரு வீடியோ! "வீடியோவிலிருந்து அதிகப் பயன் பெறுவது எப்படி." அதிலும் நீதான் சிரிக்கிறாய். சீ!

ஆலையில் அரவை உச்சத்தில் இருக்கிறது. ஊரெல்லாம் வெல்லப்பாகு வாடை, சாலையெல்லாம் கரும்பு லாரி. ஆலை அலுவலகத்தில் ஓரங்கட்டிய பழைய கணினிகளும் டிஸ்க்குகளும் கிடக்கின்றன. கொடுத்தால் நானே ஒரு பயிற்சி சர்வரைக் கட்டிவிடுவேன். கேட்டேன். அரவை முடிந்தபிறகு வா, இப்போது கதவைத் திறக்கக்கூட ஆள் இல்லை என்றார்கள். என்னிடம் மிச்சமிருப்பது ஒரே டிஸ்க் உள்ள ஒரு கிழட்டுக் கணினி. இரண்டில் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியை அதில் எப்படிச் செய்ய?

சரி, வாயாலாவது கேட்போம் என்று எங்கள் நிஜ சர்வரின் திரையைப் படம் எடுத்து விலிகேசாவிடம் நீட்டினேன்.

"மீட்கணும். எந்த டிஸ்க்க அமுக்குவே?"

"ரெண்டாவதுதான், அக்கா."

"ஏன்?"

"வீடியோல அந்தம்மா ரெண்டாவதத்தான அமுக்குறாங்க."

"அதுல என்ன இருக்குன்னு பேரப் படிச்சியா?"

"அந்தம்மாவும் படிக்கலையேக்கா."

அன்று மாலையே உட்கார்ந்து உன் பாடத்தைப் பார்த்தேன். உண்மைதான், நீ படிக்கவில்லை. உன் கழுவித் துடைத்த சர்வரில் இரண்டாவது டிஸ்க் காலி. "இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான்!" என்று பல்லைக் காட்டுகிறாய். "இதில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா?" என்று சர்வர் கேட்குமே, அந்தக் கேள்வியையே வெட்டி எறிந்திருக்கிறீர்கள். எங்கள் சர்வரில் இரண்டாவது டிஸ்க்கில் மகப்பேறு வார்டு இருக்கிறது. கர்ப்பிணிகளின் பதிவுகள் அத்தனையும். முதல் டிஸ்க் செத்து அந்த இடத்தில் புது டிஸ்க் போட்டால், அது முதலாவதாகத்தான் நிற்கும்.

விலிகேசாவுக்குச் சொன்னேன், திரும்பச் சொல்லவைத்தேன், பெரிய எழுத்தில் எழுதி சர்வரின் நெற்றியில் ஒட்டியும் வைத்தேன். அவன் தலையை ஆட்டுகிறான். ஆனால் சொல்வது தலைக்குத்தான் போகும். ஒரு முறை தானே தப்பான டிஸ்க்கை அழித்து, ஐயோ என்று நெஞ்சு பதறினால்தான் கைக்குப் போகும். அதற்காகத்தானே அந்தக் கையேட்டை எழுதினேன்!

பயிற்சி சர்வர் தரமுடியாவிட்டால் போகிறது. அந்த வீடியோவில் ஒரே ஒரு வரி சேர். "பெயரைப் படித்துவிட்டு அமுக்குங்கள்." உன் பவுடர் கலையாது.

உன்னை நண்டு வலையில் போட்டு விற்கப்போகும்,
உனைசி


பிரிஸ்பேன்,
அக்டோபர் 12

அடி தேங்காய்த் திருடி,

நீ கிழவியாகிவிட்டாய். ஒரு வரிக்கு இத்தனை பக்கமா?

டாரலிடம் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன், லம்பாசாவில் இரண்டாவது டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். "ஒரு வரிக்காக ஸ்டூடியோவத் தொறக்கணுமா? பேரக்கூடப் படிக்காத முட்டாளுக்கு நாம என்ன பண்றது?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளதைத்தானே சொல்கிறான்? யாராவது படிக்காமல் அமுக்குவார்களா?

நல்ல செய்தி கேள். பசிபிக் நாடுகளுக்கான பயிற்சி முழுவதற்கும் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். டிசம்பரில் லம்பாசாவுக்கே வருகிறேன், உங்கள் மருத்துவமனையில்தான் சான்றிதழ் வழங்கும் விழா. விலிகேசாவுக்கு என் கையாலேயே மாலை போடுகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன். தேங்காய்ப்பாலில் நண்டு சமைத்து வை. நண்டே நண்டைத் தின்கிறதே என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் புதுப் பாயையும் எடுத்துக்கொண்டுதான் போவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் சமையலை நினைத்து வயிறு கலங்கும்,
கெலெரா


லம்பாசா,
நவம்பர் 20

கெலெரா,

திட்டிக்கொண்டு தொடங்க வாய் வரவில்லை. பொறுத்துக்கொள், கீழே வரும்.

நான் தீவில் இருந்தபோது புயல் ஓரமாக உரசிக்கொண்டு போனது. கூரை பறக்கவில்லை, மரம் சாயவில்லை. மின்சாரம் மட்டும் போய்ப் போய் வந்ததில் முதல் டிஸ்க் செத்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பதிவுகள் இருந்த டிஸ்க் அது. விலிகேசா அதைக் கழற்றிப் புது டிஸ்க் போட்டான். அதுவரை சரி. பிறகு சர்வரின் நெற்றியில் நான் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் போனைச் சாய்த்து வைத்திருக்கிறான். போனில் உன் வீடியோ. நீ ஒன்று சொல்ல, அவன் ஒன்று செய்ய, அப்படியே போயிருக்கிறான். நீ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாய். அவனும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். அழியும், சம்மதமா என்று சர்வர் கேட்டதும் குழம்பியிருக்கிறான். உன் வீடியோவில் அந்தக் கேள்வியே இல்லை அல்லவா? நீ நிற்காமல் அடுத்ததற்குப் போய்விட்டாய். உன்னைப் பிடிக்க அவன் சரி என்று அமுக்கிவிட்டான்.

மகப்பேறு வார்டின் பதிவுகள் போய்விட்டன. கடைசி பேக்கப் ஒரு மாதம் பழையது. அந்த மாதம் பரிசோதித்த பெண்களையெல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். நான் கப்பலிலிருந்து இறங்கி நேரே போனபோது, நடைபாதை முழுக்க வீங்கின காலோடு பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். ஒருத்தி என்னைப் பார்த்து, "போன வாரந்தானே குடுத்தோம், அத என்ன பண்ணீங்க, குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சலானியேட்டா என்று ஒருத்தி. பெனிசிலின் அவளுக்கு ஆகாது என்று அந்த மாதம்தான் கண்டுபிடித்துப் பதிந்திருந்தார்கள். பதிவு இல்லை. காய்ச்சலில் நினைவில்லாமல் வந்தவளுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அவசரமாக வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பிவிட்டன. பிள்ளை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. என் கையை விடச் சிறியது.

இப்போது எனக்கு வாந்தி வரவைத்ததைச் சொல்கிறேன். தலைமை அலுவலகம் விசாரணை வைத்திருக்கிறது. விலிகேசா முழுப் பயிற்சி பெற்றவன், சான்றிதழ் இருக்கிறது, ஆகவே பயிற்சியில் குறை இல்லை, அவன் கவனக்குறைவுதான் காரணம் என்கிறார்கள். அந்தச் சட்டம் போட்ட காகிதத்தை வைத்தே அவனைத் தூக்கில் போடுகிறார்கள். அதற்கு ஆதாரமாக உங்கள் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது. "எங்கள் வீடியோ தெளிவாக உள்ளது. இப்படி ஒரு பிழை நேரக்கூடும் என்று எங்களுக்கு யாரும் தெரிவித்ததில்லை." கீழே உன் கையெழுத்து.

யாரும் தெரிவித்ததில்லையா? உன் கையெழுத்தைப் பார்த்ததும் அந்தத் தாளில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

நம் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரி மேசையில் போட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. தௌவுக்காரியின் வாயிலிருந்து வந்ததை அந்நியனிடம் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நீயே சொல். அக்டோபரில் லம்பாசாவிலிருந்து எச்சரித்தார்கள், பயிற்சி சர்வரும் கையேடும் நாங்கள் கொடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. அடுத்த வாரம் முடிவு சொல்கிறார்கள். அவன் வேலை உன் இரண்டு வரியில் தொங்குகிறது. மருத்துவமனை வாசல் மாமரத்தடியில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வர வெட்கப்படுகிறான்.

எழுதிவிடு நண்டே. எழுதிவிட்டு வா. நண்டு சமைக்கிறேன், பாயையும் தருகிறேன், நீ செத்தாலும் தீராத அளவுக்குத் திட்டுகிறேன்.

உனைசி


பிரிஸ்பேன்,
நவம்பர் 29

அடி கருவாடே, உப்புச் சட்டியே, ஓட்டைப் படகே,

பார், உனக்கும் சேர்த்து நானே திட்டிவிட்டேன். சிரி.

அந்தப் பெண்ணும் பிள்ளையும் பிழைத்ததற்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டு நன்றி சொன்னேன். உண்மையாகவே அழுதேன்.

அந்த இரண்டு வரி மட்டும் என்னால் முடியாது உனைசி. கையெழுத்துப் போட்டது நான்தான், ஆனால் எழுதியது வக்கீல். மாற்றி எழுதினால் அன்றைக்கே என் மேசையைக் காலி செய்யச் சொல்வார்கள். பசிபிக் முழுவதற்கும் தலைவியாக ஒரு ஃபிஜிக்காரி வந்திருப்பது இதுதான் முதல் முறை. நான் போனால் இந்த நாற்காலியில் நம்மவள் இன்னொருத்தி உட்காரவே முடியாது. நீ இதைப் புரிந்துகொள்வாய். விலிகேசா வயது குறைந்தவன், கைகால் நன்றாக இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. டாரலிடம் பேசி, புது வரிசைப் பாடங்களுக்கு உன்னை ஆலோசகராகப் போடச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். உன் பெயர் திரையில் வரும். கையேடு பற்றியும் அப்போது பேசலாம். விலிகேசாவின் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சாக்லேட் பெட்டி அனுப்பியிருக்கிறேன், கொடுத்துவிடு.

நாம் தௌவு. நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கோபப்பட உனக்கு உரிமை கிடையாது. அது நம் தாத்தாக்கள் வைத்த சட்டம். பதினைந்தாம் தேதி வருகிறேன். நண்டு பெரிதாக இருக்கட்டும்.

உன் திட்டுக்காகக் காத்திருக்கும்,
கெலெரா


லம்பாசா,
டிசம்பர் 8

மதிப்பிற்குரிய கெலெரா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி.

விசாரணை முடிந்தது. திரு. விலிகேசா பணியிலிருந்து நீக்கப்பட்டார். அரவை முடிந்துவிட்டதால் ஆலைப் பக்கமும் வேலை இல்லை. சந்தையில் மைத்துனரின் கடையில் சேப்பங்கிழங்கு விற்கிறார். தாங்கள் அன்புடன் அனுப்பிய சாக்லேட் பெட்டியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தங்கள் முகவரிக்கே திருப்பி அனுப்பியுள்ளேன்.

ஆலோசகர் பொறுப்புக்கு என்னை நினைத்தமைக்கு நன்றி. ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். ஆலையிலிருந்து பழைய டிஸ்க்குகள் வந்து சேர்ந்ததில், இங்கே ஒரு பயிற்சி சர்வர் அமைத்திருக்கிறோம். கையேட்டையும் புதிதாக எழுதிவிட்டேன். முதல் பயிற்சியே, பெயரைப் படிக்காமல் இரண்டாவது டிஸ்க்கை அமுக்குவது. புதிதாகச் சேர்ந்த இருவரும் அமுக்கினார்கள். எல்லாம் அழிந்து திரை வெறுமையானபோது ஒருவருக்கு வேர்த்துவிட்டது. அதன்பிறகு அவர் எதையும் படிக்காமல் தொடுவதில்லை.

சனிக்கிழமை சந்தை முடிந்ததும் திரு. விலிகேசா வந்திருந்தார். நானும் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். அவருக்கு இனி அது தேவைப்படாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தார். ஒவ்வொரு டிஸ்க்கின் பெயரையும் சத்தமாகப் படித்தார், விரலை வைத்துத் திரும்பவும் படித்தார், பிறகுதான் அமுக்கினார். சரியாக மீட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பதினைந்தாம் தேதி விழாவில் தங்களுக்கு முன்வரிசையில் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனை விருந்தினர் அறையில் தாங்கள் தங்குவதற்கும், மதிய உணவுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். நண்டு தங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று கோழிக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீடு தூரம், பாதையும் சரியில்லை. தாங்கள் அவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம்.

தாங்கள் கேட்டுக்கொண்டபடியே, எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உனைசி நைவாலு
கணினிப் பிரிவு